ஒரு செக்கனுக்குள் எவ்வளவு தூரம்? வயலிலும் வீதியிலும் துலங்கல் நேரம்

முப்பது சென்ரிமீற்றர் அடிமட்டம் ஒன்றை இன்னொருவர் மேல்நுனியில் பிடித்துத் தொங்கவிட, கீழ்நுனியில் பூச்சியம் எழுதியிருக்கும் இடத்துக்கு நேரே உங்கள் பெருவிரலையும் சுட்டுவிரலையும் அடிமட்டத்தில் படாமல் விரித்து வைத்திருங்கள். அவர் சொல்லாமல் கொள்ளாமல் அதைக் கைவிடுவார்; நீங்கள் பிடிக்க வேண்டும். திருகோணமலை மாவட்டத்துத் தம்பலகாமத்தில் அக்கா வீட்டு விறாந்தையில், புதிதாக மோட்டார் சைக்கிள் அனுமதிப்பத்திரம் எடுத்திருந்த மருமகனிடம் இதைச் செய்து பார்த்தபோது, முதல் தடவை அடிமட்டம் அவனுடைய விரல்களுக்கு இடையால் நழுவி முழுவதும் நிலத்தில் விழுந்தது. "இன்னொருக்கா விடுங்கோ மாமா, நான் ரெடியாகேல்ல" என்றான். இரண்டாம் தடவை 20 சென்ரிமீற்றர் கோட்டில் பிடித்தான். கைவிடப்பட்ட பொருள் 20 சென்ரிமீற்றர் விழுவதற்கு ஒரு செக்கனின் ஐந்தில் ஒரு பங்கு ஆகும். அடிமட்டம் முழுவதும் நழுவிப்போக கால் செக்கன் ஆகும். ஆக, விளையாட்டுப் பிள்ளையான 18 வயதுப் பையனுக்கு, வேறு எந்த வேலையும் இல்லாமல் அந்த ஒரு பொருளையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தபோதும், கண் கண்டதைக் கை செய்து முடிக்க 0.2 செக்கன் தேவைப்பட்டது. ஆயத்தமாக இல்லாத முதல் தடவையில் கால் செக்கனும் போதவில்லை.

பாடசாலை விஞ்ஞானத்தில் தூண்டல், துலங்கல் என்ற இரண்டு சொற்களை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். கண்ணுக்குத் தெரிவது தூண்டல், உடம்பு செய்வது துலங்கல், இரண்டுக்கும் நடுவில் கழிவது துலங்கல் நேரம். சூடான சட்டியில் கை பட்டவுடன் தன்னையறியாமல் கையை இழுத்துக்கொள்கிறோமே, அது வேறு வகை. அந்தச் செய்தி மூளையின் தீர்ப்புக்குக் காத்திராமல் முண்ணாண் வழியாகவே திரும்பிவிடுவதால் அது விரைவாக நடக்கிறது. பிரேக் பிடிப்பது அப்படியல்ல. முன்னால் ஏதோ இருக்கிறது என்று காண வேண்டும், அது நிழலா மாடா என்று அறிய வேண்டும், நிறுத்துவதா விலத்துவதா ஹோர்ன் அடிப்பதா என்று முடிவெடுக்க வேண்டும், பிறகு காலும் கையும் பிரேக்குக்குப் போய் அதை அழுத்த வேண்டும். எதிர்பார்த்திருக்கும் ஓட்டுநருக்கு இவை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஏறத்தாழ 1 செக்கன் ஆகும் என்று கொள்ளலாம். இருட்டில், எதிர்பாராத நேரத்தில், ஒன்றரை செக்கனோ இரண்டு செக்கனோ ஆகலாம். பல நாடுகளில் வீதி வடிவமைக்கும் பொறியியலாளர்கள் மெதுவானவர்களையும் கணக்கில் எடுத்து 2.5 செக்கன் என்றே வைத்துக் கணிக்கிறார்கள்.

பழகப் பழக இந்த நேரம் இல்லாமல் போய்விடும் என்பது எங்கள் ஊரில் வேரோடிய நம்பிக்கை. நாற்பது வருடமாக உழவு இயந்திரம் ஓட்டுகிறவருக்கு எதை எங்கே எதிர்பார்க்க வேண்டும் என்பது தெரிந்திருக்கும். அது பெரிய உதவிதான். ஆனால் அவருடைய நரம்புகளில் செய்தி ஓடும் வேகம் அனுபவத்தால் கூடுவதில்லை, வயதால் சற்றுக் குறையத்தான் செய்கிறது. ஆகவே இந்த ஒரு செக்கனை ஒழிப்பது எப்படி என்று கேட்பதை விட்டுவிட்டு, அந்தச் செக்கன் கழியும்போது நமக்கும் ஆபத்துக்கும் இடையில் என்ன இருக்க வேண்டும் என்று கேட்பதே பயனுள்ளது. இடையில் இருக்கக்கூடியவை மிகச் சில: தூரம், வெளிச்சம், ஒரு மூடி.

தூரத்தை முதலில் பார்ப்போம். மணிக்கு இத்தனை கிலோமீற்றர் என்ற எண்ணை 3.6 ஆல் பிரித்தால், ஒரு செக்கனில் எத்தனை மீற்றர் போகிறோம் என்பது கிடைக்கும். 60 இல் போகும் மோட்டார் சைக்கிள் ஒரு செக்கனில் ஏறத்தாழ 17 மீற்றர் போகிறது. பெரிய பஸ் ஒன்றின் நீளத்தைவிட இது அதிகம். மாட்டைக் கண்டு, பிரேக் பிடிக்கும் முன்பே, வேகம் சற்றும் குறையாமல் கடந்துவிடும் தூரம் இது. அதன் பின்னரே பிரேக் வேலை செய்யத் தொடங்குகிறது. காய்ந்த தார் வீதியும் தேயாத டயரும் நல்ல பிரேக்கும் இருந்தால், 60 இலிருந்து நிற்பதற்கு மேலும் 20 மீற்றர் தேவை. இரண்டையும் கூட்டினால் 37 மீற்றர். இதுவே நிறுத்தத் தூரம்.

வேகம் கூடும்போது இந்த இரண்டு பகுதிகளும் ஒரே மாதிரிக் கூடுவதில்லை என்பதுதான் பலருக்குப் புலப்படாத இடம். துலங்கல் நேரத்தில் போகும் தூரம் வேகத்தோடு சரிக்குச் சரி கூடுகிறது. பிரேக் பிடித்த பின் போகும் தூரமோ வேகத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது, ஏனென்றால் பிரேக் செலவழித்துத் தீர்க்க வேண்டிய இயக்கச் சக்தி வர்க்கமாகவே கூடுகிறது. 40 இல் அது 9 மீற்றர், 60 இல் 20 மீற்றர், 80 இல் 36 மீற்றர். வேகத்தை இரட்டித்தால் தூரம் நான்கு மடங்காகிவிடுகிறது. துலங்கல் தூரத்தையும் சேர்த்தால் 40 இல் மொத்தம் 20 மீற்றர், 60 இல் 37, 80 இல் 58.

இந்த எண்களை வைத்து ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்தால் அவற்றின் முகம் தெரியும். இருவர் பக்கத்துப் பக்கமாக வருகிறார்கள், ஒருவர் 40 இல், மற்றவர் 60 இல். 20 மீற்றர் முன்னால் ஒரு கன்றுக்குட்டி வீதியில் ஏறுகிறது. இருவரும் ஒரே கணத்தில் அதைக் காண்கிறார்கள், இருவருக்கும் ஒரே அளவு துலங்கல் நேரம், ஒரே அளவு நல்ல பிரேக். 40 இல் வந்தவர் கன்றின் மூக்குக்கு முன்னால் நின்றுவிடுகிறார். 60 இல் வந்தவருக்கு முதல் 17 மீற்றர் வெறுமனே கடந்துபோய்விட்டது. எஞ்சியிருக்கும் 3 மீற்றரில் மட்டுமே பிரேக் பிடிக்க முடிகிறது. கன்றில் மோதும்போது அவருடைய வேகம் இன்னும் ஏறத்தாழ 55. "கொஞ்சம் கூடத்தான் போனேன்" என்று பின்னர் சொல்வார். வேகமானியில் வித்தியாசம் 20 தான். கன்று நின்ற இடத்தில் அது 55.

இவை பகல் வெளிச்சத்துக்கான கணக்குகள். திருகோணமலை மாவட்டத்தின் வயல் வீதிகளில் ஆபத்தான நேரம் பொழுது சாய்ந்த பிறகே வருகிறது. பெரும்போக அறுவடை நடக்கும் மாசி, பங்குனி நாட்களில் கந்தளாய், தம்பலகாமம், கிண்ணியா, மூதூர், சேருவில என்று எந்தப் பக்கம் போனாலும், உழவு இயந்திரங்களின் பின்னால் நெல்லும் வைக்கோலும் ஏற்றிய இழுவைப் பெட்டிகள் இருட்டிய பிறகும் வீதியில் ஊர்ந்துகொண்டிருக்கும். எதிரே வாகனம் வரும்போது நாம் இறக்கிவிடும் தாழ்ந்த வெளிச்சத்தில், உடம்பெல்லாம் கறுப்பான எருமையொன்று 30 மீற்றருக்கு உள்ளே வந்த பிறகே தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். 60 இல் நமக்கு 37 மீற்றர் தேவை என்பதை மேலே கண்டோம். அதாவது நாம் காணும் எருமையை நாம் மோதியே தீர வேண்டிய வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறோம். எருமை இன்றைக்கு வேறு வீதியில் படுத்திருப்பதுதான் நம்மைக் காப்பாற்றுகிறது. வெளிச்சம் எட்டும் தூரத்துக்குள் நிறுத்த முடியாத வேகம் எதுவாயினும், அது கண்ணை மூடிக்கொண்டு ஓட்டும் வேகம்தான். மாட்டின் கண் வெளிச்சத்தில் பளிச்சிடும் என்பார்கள். உண்மைதான், அது நம் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தால் மட்டும். பகற்சூடு தங்கியிருக்கும் தார்மேல் படுத்து அசைபோடும் மாடுகள் பெரும்பாலும் நமக்கு முதுகையே காட்டிக்கொண்டிருக்கும். ஹபரணையிலிருந்து கந்தளாய்க்கு வரும் காட்டு வழியில் மாட்டின் இடத்தில் யானை நிற்கலாம். அதன் தோலும் வெளிச்சத்தை விழுங்கிவிடும்.

எதிர்வாகனத்தின் உயர்ந்த வெளிச்சம் முகத்தில் அடித்த பிறகு கண் மீண்டும் இருட்டுக்குப் பழகுவதற்குச் சில செக்கன்கள் ஆகும். இதை நான் உடம்பால் அறிந்தவன். ஓர் அறுவடைக் காலத்து இரவு, ஏழரை மணி இருக்கும், தம்பலகாமத்திலிருந்து கிண்ணியாப் பக்கம் போய்க்கொண்டிருந்தேன். எதிரே வந்த பஸ் வெளிச்சத்தை இறக்காமலே கடந்துபோனது. அது போன பின் கண்முன்னே வெறும் ஊதா நிறப் பொட்டுகள்தான் இருந்தன. அந்தப் பொட்டுகளின் நடுவில் வைக்கோல் வாசனை வந்தது. வாசனை முதலில் வந்தது, வைக்கோல் பிறகே தெரிந்தது. லாண்ட்மாஸ்டர் என்று நாம் சொல்லும் இரண்டு சில்லு உழவு இயந்திரம் ஒன்று, பெட்டி நிறைய வைக்கோல், பின்னால் ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. பிரேக்கை அழுத்தினேனா என்பது நினைவில்லை. இடப்பக்கம் கிறவலில் இறங்கி, அதையும் தாண்டி, அறுத்து முடிந்த வயலுக்குள் விழுந்து கிடந்தேன். தோளில் சிராய்ப்பும் வளைந்த கைப்பிடியும் மட்டுமே இழப்பு. லாண்ட்மாஸ்டர் ஓட்டிவந்த அண்ணர் ஓடிவந்து தூக்கிவிட்டார். அவரை ஏச எனக்கு வாய் வரவில்லை, ஏனென்றால் எங்கள் வீட்டுப் பெட்டியின் பின்புறத்திலும் அப்போது வெளிச்சம் இருக்கவில்லை.

பின்னர் நினைத்துப் பார்த்தபோது எனக்குப் புரிந்த இன்னொரு விடயம் நெருங்கும் வேகம் பற்றியது. 50 மீற்றர் முன்னால் 50 இல் போகும் மோட்டார் சைக்கிளை நாம் 60 இல் எட்டிப் பிடிக்க 18 செக்கன் ஆகும். பார்த்து, யோசித்து, பேசிக்கொண்டுகூட விலத்தலாம். அதே 50 மீற்றர் முன்னால் 15 இல் ஊரும் லாண்ட்மாஸ்டர் என்றால் 4 செக்கன்தான். பின்னாலிருந்து பார்க்கும் கண்ணுக்கு இரண்டும் போய்க்கொண்டிருக்கும் வாகனங்களாகவே தெரிகின்றன. எவ்வளவு மெதுவாகப் போகிறது என்பதை, அதன் உருவம் கண்ணில் பெருத்து வருவதிலிருந்துதான் மூளை கணிக்கிறது. தூரத்தில் இருக்கும்போது உருவம் மிக மெதுவாகப் பெருக்கிறது, கிட்ட வந்த பிறகே திடீரென்று ஊதிப் பெரிதாகிறது. ஆகவே முன்னால் பெட்டி ஒன்று தெரிந்தால், அது நின்றுகொண்டிருக்கிறது என்று எண்ணி வேகத்தைக் குறைத்துவிடுவதே சரியான கணிப்பு. அப்படி எண்ணியதில் பிழை ஏற்பட்டாலும் சில செக்கன்களே நட்டம்.

உழவு இயந்திரக்காரர் பக்கத்திலிருந்தும் இதைப் பார்க்க வேண்டும். நம் நாட்டில் இடப்பக்கமாக ஓடுவதால், வலப்பக்கத்து வயலுக்குத் திரும்பும் இயந்திரம் வீதியைக் குறுக்கே வெட்டிப் போக வேண்டியிருக்கிறது. திரும்புவதற்காக அது மெதுவாகிறது. பின்னால் வருபவரோ தனக்கு வழி விடுகிறது என்று எண்ணி வலப்பக்கமாக விலத்தத் தொடங்குகிறார். வயல் ஊர்களில் நடக்கும் மோதல்களில் இப்படியான ஒன்றை அறியாத வீடு இல்லை. பின்பார்வைக் கண்ணாடி இல்லாத லாண்ட்மாஸ்டரில் பெட்டி நிறைய வைக்கோல் ஏற்றியிருந்தால் பின்னால் வருவது தெரியவே தெரியாது, இயந்திரச் சத்தத்தில் ஹோர்னும் கேட்காது. திரும்பும் இடத்துக்கு நன்றாக முன்பே கையைக் காட்டி, இடப்பக்கக் கரையில் ஒதுங்கி நிறுத்தி, இறங்கி நின்று இரு பக்கமும் பார்த்து, பின்னர் நேராகக் கடப்பது நேரத்தை விழுங்கும் வேலைதான். அறுவடை மும்முரத்தில் அதைச் செய்ய மனம் வருவதில்லை என்பதும் எனக்குத் தெரியும். பெட்டியின் பின்பக்கம் ஒருவர் இருந்தால் அவரே கண்ணாக இருக்கலாம், ஆனால் ஓடும் பெட்டியின் விளிம்பில் கால்களைத் தொங்கப்போட்டு உட்காருவதற்கு இது நியாயமாகாது.

வீதியின் மேற்பரப்பும் கணக்கை மாற்றிவிடுகிறது. மேலே சொன்ன எண்கள் காய்ந்த தாருக்குரியவை. கார்த்திகை, மார்கழி மழையில் உராய்வு குறைந்து, 60 இல் பிரேக் பிடித்த பின் போகும் தூரம் 20 மீற்றரிலிருந்து 35 மீற்றர் வரைக்கும் போய்விடக்கூடும். விதைப்புக் காலத்தில் வயலிலிருந்து ஏறும் சில்லுகள் உதிர்த்துவிட்டுப் போகும் களிமண், முதல் தூறலில் எண்ணெய் பூசியதுபோல ஆகிவிடும். அறுவடைக்குப் பிறகு காபெட் வீதியில் அரைவாசி அகலத்துக்கு நெல் காயப்போட்டிருப்பார்கள். நெல்மணியின் மேல் சில்லு ஏறினால் டயருக்கும் தாருக்கும் இடையில் ஆயிரக்கணக்கான சின்ன உருளைகள் வந்துவிடுகின்றன. அங்கே பிரேக் பிடிப்பதைவிட, அதற்கு முன்பே வேகத்தைக் குறைத்து நேராகக் கடப்பது மேல். காயவைக்க வேறு களம் இல்லாதவர்களுடைய வில்லங்கத்தை நான் மறுக்கவில்லை. நெல்லைவிடக் கூடிய ஆபத்து, எல்லை காட்டுவதற்காக வைத்த கற்களும் மரக்குற்றிகளும்தான். நெல்லை மாலையில் அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள், கற்கள் இரவிலும் அங்கேயே கிடக்கும். அக்காவோடு இதுபற்றி எனக்கு நீண்ட நாள் வாக்குவாதம்.

திருகோணமலைப் புகையிரதப் பாதையைக் கடந்துதான் சிலருடைய வயலுக்குப் போக முடியும். புகையிரதம் நிற்பதற்குத் தேவையான தூரம் நூற்றுக்கணக்கான மீற்றர். சாரதி உங்களைக் கண்ட பிறகு அவரால் செய்யக்கூடியது அநேகமாக ஒன்றுமில்லை. இயந்திரத்தை நிறுத்தி, சத்தத்தைக் கேட்டு, பிறகு கடக்க வேண்டும். இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இனி வயலுக்கு வருவோம். வீதியில் தூரம் என்ற ஒன்றாவது இருக்கிறது. ஓடும் இயந்திரத்தின் பக்கத்தில் நிற்பவருக்கு அதுவும் இல்லை. நான்கு சில்லு உழவு இயந்திரத்தின் பின்புறத்திலிருந்து மற்றக் கருவிகளுக்குச் சுழற்சியைக் கொடுக்கும் பி.டி.ஓ. தண்டு வழக்கமாக நிமிடத்துக்கு 540 தடவை சுழல்கிறது. 60 ஆல் பிரித்தால் செக்கனுக்கு 9 சுற்று. தண்டின் குறுக்களவு ஏழரை சென்ரிமீற்றர் என்றால் ஒரு சுற்றில் ஏறத்தாழ 24 சென்ரிமீற்றர் துணியைச் சுருட்டும். 9 சுற்றில் 2 மீற்றருக்கும் மேல். நாம் உடுக்கும் சாரத்தின் துணி ஏறத்தாழ இதே நீளந்தான். சாரத்தின் நுனி மாட்டியது என்று மூளை உணர்ந்து, கை அதைப் பிடித்து இழுக்கத் தொடங்கும் அந்த ஒரு செக்கனில் சாரம் முழுவதும் தண்டில் சுருண்டு முடிந்திருக்கும், அது உடுத்தியிருந்தவரையும் இழுத்துக்கொண்டு. பலசாலியா, கெட்டிக்காரனா என்ற கேள்வியே இங்கே எழுவதில்லை. தோளில் கிடக்கும் துவாய், பெண்களின் நீண்ட தலைமுடி, கழுத்துச் சங்கிலி, மழைக்கோட்டின் நாடா எல்லாவற்றுக்கும் இதே கணக்குத்தான்.

ஆகவேதான் தண்டின் மேல் ஒரு மூடி போட்டு விற்கிறார்கள். கிறீஸ் போட வசதியில்லை என்று கழற்றி, வீட்டுக் கோடியில் எறிந்த மூடிகளை நான் கண்டிருக்கிறேன். லாண்ட்மாஸ்டரின் எஞ்சினிலிருந்து கியர்ப் பெட்டிக்குப் போகும் பெல்ட்டின் மேல் இருந்த தகரமும், நீர்ப்பம்பிப் பெல்ட்டின் மேல் இருந்த கம்பிக் கூடும் இப்படித்தான் காணாமல் போகின்றன. அவை அழகுக்கு வைத்தவை அல்ல. நம் உடம்பு கேட்கும் ஒரு செக்கனைக் கொடுக்க வழியில்லாத இடத்தில், அந்தச் செக்கனே தேவைப்படாதபடி செய்ய வைத்தவை. அடைபட்ட வைக்கோலை இழுத்தெடுக்கும்போது எஞ்சினை நிறுத்த வேண்டும் என்பதன் காரணமும் இதுவே. சுழற்சியை மட்டும் விடுவித்தால் போதாது. எஞ்சினை நிறுத்திய பிறகும் பாரமான பாகங்கள் சற்று நேரம் சுழன்றுகொண்டிருக்கும், அவை முற்றாக நிற்பதைக் கண்ணால் பார்த்த பிறகே கையை வைக்க வேண்டும். திறப்பைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டால், நீங்கள் உள்ளே கைவிட்டிருப்பது தெரியாமல் வேறொருவர் வந்து முடுக்கவும் முடியாது.

உழவு இயந்திரம் பின்புறமாகக் கவிழ்வதும் இந்தக் கணக்குக்குள் வருகிறது. இதைப் பலர் நம்புவதேயில்லை. சேற்றில் பின்சில்லு புதைந்து சுழலும்போது, குறுக்கே ஒரு மரக்குற்றியைச் சில்லோடு கட்டி முன்கியரில் ஏற்றப் பார்ப்பது எங்கள் பக்கத்து வழக்கம். குற்றியால் சில்லு சுழல முடியாமல் போகும்போது எஞ்சினின் விசை எங்கேயாவது போக வேண்டும். சில்லு சுழலாவிட்டால் அச்சைச் சுற்றி இயந்திரத்தின் உடல் சுழல்கிறது, முன்சில்லுகள் மேலே எழும்புகின்றன. எழும்பத் தொடங்கிய கணத்திலிருந்து ஏறத்தாழ முக்கால் செக்கனில், இனி எதைச் செய்தாலும் திரும்பி வராது என்ற எல்லையைத் தாண்டிவிடுகிறது. ஒன்றரை செக்கனில் ஓட்டியவரின் மேல் கவிழ்ந்து கிடக்கிறது. கிளச்சை அழுத்தினால் போதுமே என்பார்கள். அழுத்தினால் போதும்தான், முக்கால் செக்கனுக்குள். எதிர்பாராத ஒன்றுக்கு நம் துலங்கல் நேரம் ஒரு செக்கனுக்கு மேல் என்பதை அடிமட்டத்தில் இருந்து தொடங்கிப் பார்த்துவிட்டோம். புதைந்தால் பின்கியரில் எடுக்க முயல வேண்டும், முடியாவிட்டால் வேறொரு இயந்திரத்தைக் கூப்பிட வேண்டும். பாரத்தைக் கட்டி இழுக்கும்போது, பின்னால் இருக்கும் இழுவைக் கொக்கியில் தாழ்வாகவே கட்ட வேண்டும். அச்சுக்கு மேலே உயரமாகக் கட்டினால் அதுவும் முன்பக்கத்தைத் தூக்கும். ஓட்டுநரின் ஆசனத்தைச் சுற்றி உறுதியான இரும்புச் சட்டகமும் ஆசனப் பட்டியும் உள்ள இயந்திரத்தில் கவிழ்ந்தாலும் உயிர் தப்பலாம். சட்டகம் இல்லாத பழைய இயந்திரத்தில் மட்டும் பட்டியைக் கட்டக் கூடாது, அது கவிழும் இரும்போடு நம்மையும் கட்டிவைத்துவிடும். வாய்க்கால் கட்டின் விளிம்பிலும் வரம்பு ஏறும்போதும் பக்கவாட்டில் கவிழ்வது இதைவிட அடிக்கடி நடப்பது. மட்கார்டில் பிள்ளையை ஏற்றி வைத்திருப்பவர்களுக்கு வேறு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

லாண்ட்மாஸ்டர் பழகத் தொடங்குபவர்களுக்குச் சொல்ல வேண்டிய ஒரு விசித்திரம் இருக்கிறது. சமதரையில் இடக்கைப் பிடியில் உள்ள கிளச்சை அழுத்தினால் இடப்பக்கச் சில்லுக்குப் போகும் விசை அறுந்து, வலச்சில்லு மட்டும் உந்த, இயந்திரம் இடப்பக்கம் திரும்பும். குளக்கட்டிலிருந்து பாரத்தோடு சரிவில் இறங்கும்போது இது தலைகீழாகிவிடுகிறது. அங்கே எஞ்சின் சில்லுகளை உந்துவதில்லை, பிடித்து வைத்திருக்கிறது. பெட்டிதான் பின்னாலிருந்து தள்ளுகிறது. இடக் கிளச்சை அழுத்தினால் இடச்சில்லு அந்தப் பிடியிலிருந்து விடுபட்டு விரைந்து ஓட, இயந்திரம் வலப்பக்கம் திரும்பும். இடப்பக்கம் பள்ளம் என்று வலக் கிளச்சை அழுத்தியவர் நேரே அந்தப் பள்ளத்துக்குள்தான் போவார். "ஐயோ, எதிர்ப்பக்கம் போகிறதே" என்று உணர்ந்து கையை மாற்றுவதற்கு வேண்டிய நேரம் எவ்வளவு என்பதை இனி நீங்களே சொல்வீர்கள். சரிவின் உச்சியிலேயே நிறுத்தித் தாழ்ந்த கியரைப் போட்டு, கிளச்சைத் தொடாமல், கைப்பிடியைத் தள்ளி வழிகாட்டி, பெட்டியின் பிரேக்கை மெல்ல மெல்ல அழுத்தி இறக்குவதுதான் பழகியவர்கள் செய்வது.

துலங்கல் நேரத்தைக் குறைக்க முடியாவிட்டாலும் கூட்டுவதற்குப் பல வழிகள் உண்டு, நாம் அவற்றையெல்லாம் செய்கிறோம். கசிப்பும் சாராயமும் எல்லோருக்கும் தெரிந்தவை. கைத்தொலைபேசியைப் பார்க்கக் குனிந்த இரண்டு செக்கனில் 60 இல் போகிறவர் 33 மீற்றரைப் பாராமலே கடந்துவிடுகிறார். இவற்றைவிட எங்கள் ஊர்களில் அதிகம் பேசப்படாதது தூக்கம். யானைக்கும் பன்றிக்கும் இரவு முழுவதும் வயற்காவல் இருந்துவிட்டு, விடியற்காலை ஐந்து மணிக்கு மோட்டார் சைக்கிளில் வீடு திரும்புபவருக்குக் குடிக்காமலே குடித்தவரின் நிலை. அவர் காவற் குடிலிலேயே அரை மணி நேரம் கண்ணயர்ந்துவிட்டுப் புறப்பட்டால், வீட்டில் தேத்தண்ணீர் சற்று ஆறிப்போகும், அவ்வளவுதான்.

வயலில் விழுந்தெழுந்த அந்த இரவுக்குப் பிறகு எங்கள் பெட்டிக்குச் செய்த வேலையையும் சொல்லிவிடுகிறேன், செலவு குறைந்தது என்பதால். பெட்டியின் பின்பலகையில் இரு மூலைகளிலும் சிவப்பு ஒளித்தெறிப்பு நாடாவை ஒரு சாண் நீளத்துக்கு ஒட்டினோம். நடுவில் மட்டும் ஒட்டினால் மோட்டார் சைக்கிள் என்று எண்ணி அகலத்தைப் பிழையாகக் கணித்துவிடுவார்கள். வைக்கோல் தொங்கி மறைக்காத உயரத்தில் ஒட்ட வேண்டும் என்பதை முதல் நாளே பட்டறிந்து, கீழ்ச்சட்டத்திலும் இன்னொரு சோடி ஒட்டினோம். முன்னிரவில் மருமகன் டோர்ச்சை நெற்றிக்கு நேரே பிடித்துக்கொண்டு வீதியில் பின்னுக்குப் பின்னுக்குப் போய், நாடா மங்கிய இடத்தில் நின்று அடி எண்ணிக்கொண்டு வந்தான்: 150 எட்டுக்கு மேல். அவனுடைய எட்டு முக்கால் மீற்றர் என்று வைத்தால் 110 மீற்றருக்கு மேல் வரும். 15 இல் ஊரும் பெட்டியை 60 இல் நெருங்குபவருக்கு அது ஏறத்தாழ 9 செக்கன். விதைப்புத் தொடங்கி ஒரு கிழமை கழித்து அதே இடத்தில் நின்று பார்த்தபோது 40 எட்டிலும் சரியாகத் தெரியவில்லை. நாடா முழுவதும் சேறு. இப்போது வயலிலிருந்து வீதிக்கு ஏறும் முன் பெட்டிக்குள் கிடக்கும் ஈரச் சாக்கால் அதை ஒரு தரம் துடைத்துவிட்டே ஏறுகிறான். மறந்தால் அக்கா படலையடியில் நின்று கேட்பாள்.